விளக்கைப் போட்டால் வானொலி இரைவது ஏன்? வீட்டு மின்சாதனங்களின் உயர் மீடிறன் உமிழ்வும் அதை வன்னியில் அளப்பதும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கம், பிரதான வீதியிலிருந்து வயற்கரையோடு உள்ளே போகும் மின்கம்பி முடிகிற இடத்தில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டு ஆச்சிக்கு மாலையில் திருச்சி வானொலி கேட்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. மகன் வீட்டுக் குமிழ்கள் எல்லாவற்றையும் எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றிய பிறகு, இருட்டி விளக்கு எரியத் தொடங்கியதும் 936 கிலோஹேர்ட்ஸில் குரல் மறைந்து, தகரத்தில் மணல் கொட்டுவது போன்ற இரைச்சல் மட்டுமே கேட்கத் தொடங்கியது. "தம்பி, உந்த லைற்றை நூத்தாத்தான் திருச்சி கதைக்கும்" என்று ஆச்சி சொன்னார். அவருடைய சிறிய பற்றரி வானொலியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். விளக்கின் கீழே இரைச்சல் பலமாக இருந்தது. சுவரினுள் மின்வயர் ஓடும் பக்கமாகப் போனபோதும் அது குறையவில்லை. கிணற்றடிக்குப் போனதும் திருச்சி தெளிவாக வந்தது. படலையைத் தாண்டி, வீட்டுக்கு வரும் மின்கம்பியின் கீழே நின்றதும் மறுபடி மறைந்தது. இரைச்சல் விளக்கிலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும், அது வயர் வழியே வெளியேறி, வயரையே வானலைக் கம்பியாக ஆக்கிக்கொள்கிறது என்பதையும் அந்த நடையே காட்டிவிட்டது.

இதன் காரணம் விளக்கின் அடிப்பகுதியில், பிளாஸ்ரிக் மூடிக்குள் இருக்கும் சிறு மின்சுற்றில் உள்ளது. எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். செக்கனுக்கு எத்தனை அலைவு என்பதே மீடிறன், அதன் அலகு ஹேர்ட்ஸ். எல்.ஈ.டி.க்கு வேண்டியது தாழ்ந்த வோல்ற்றளவிலான நேரோட்டம். பழைய முறையில் இந்த மாற்றத்தைச் செய்ய இரும்பு அகணி கொண்ட பாரமான மின்மாற்றி தேவைப்பட்டது. இப்போது வரும் சாதனங்களில், வந்த மின்னோட்டத்தை முதலில் சீராக்கி, பின்னர் ஒரு திரான்சிஸ்ரரைக் கொண்டு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, விரும்பிய அளவுக்கு இறக்கிக்கொள்கிறார்கள். தொலைபேசிச் சார்ஜர், தொலைக்காட்சி, மடிக்கணினி, தூண்டல் அடுப்பு, சூரிய மின்கல இன்வேற்றர் எல்லாவற்றிலும் நடப்பது இதுதான். ஒவ்வொரு திறப்பும் மூடலும் ஒரு சிறு அதிர்ச்சியை மின்கம்பிக்குள் திருப்பி அனுப்புகிறது. இதைத்தான் உமிழ்வு என்கிறோம். அதிர்ச்சி கூர்மையானது என்பதால், திறந்து மூடும் வேகத்தில் மட்டுமல்ல, அதன் மடங்குகளிலும் இரைச்சல் எழும். திறந்து மூடும் வேகம் 78 கிலோஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் 12ஆம் மடங்கு சரியாக 936 கிலோஹேர்ட்ஸில் போய் விழும். 81 கிலோஹேர்ட்ஸ் என்றால் 13ஆம் மடங்கு 1053இல், அதாவது தூத்துக்குடி நிலையம் ஒலித்த இடத்தில் விழும். மலிவான சுற்றுகளில் இந்த வேகம் நிலையாக நிற்பதில்லை. வோல்ற்றளவு ஏறி இறங்கும்போது வேகமும் சற்றே அலைவதால் இரைச்சல் ஒரு புள்ளியில் நில்லாமல் அக்கம்பக்கத்துக்கும் பரவுகிறது. நல்ல விளக்கில் இதைத் தடுக்கும் சிறு கம்பிச் சுருளும், மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவியும் இருக்கும். விலையைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் கழற்றிவிடுவது அவற்றைத்தான்.

பொறியியலாளர்கள் மின்வலையில் ஓடும் இந்த வேண்டாத மீடிறன்களை மூன்று பகுதிகளாகப் பார்க்கிறார்கள். 50 ஹேர்ட்ஸின் 40ஆம் மடங்கான 2 கிலோஹேர்ட்ஸ் வரை ஒரு பகுதி. இவை இசையங்கள் எனப்படுபவை. இவற்றுக்கான வரம்புகள் நெடுநாளாக உள்ளன. 150 கிலோஹேர்ட்ஸ் தொடக்கம் 30 மெகாஹேர்ட்ஸ் வரை மற்றொன்று. வானொலி கேட்பவர்களுக்கு இடையூறு வரக்கூடாது என்ற நோக்கில் 1933இல் பாரிசில் கூடிப் பேசி, 1934இல் வேலையைத் தொடங்கிய சர்வதேசக் குழுவான சிஸ்பிர் இந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டது. நெட்டலை வானொலி ஏறத்தாழ 150 கிலோஹேர்ட்ஸில் தொடங்குவதே அந்த எல்லைக்குக் காரணம். இவ்விரண்டுக்கும் நடுவே, 2 தொடக்கம் 150 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள வெளி, வேலியில்லாத காணி போலக் கிடந்தது. விளக்குகளுக்கும் தூண்டல் அடுப்புகளுக்கும் 9 கிலோஹேர்ட்ஸிலிருந்து வரம்புகள் உள்ளன. ஆனால் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு இந்த இடைவெளியில் முழுமையான உமிழ்வு வரம்பு இல்லை. வலையில் எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற இணக்க அளவுகளே, 30 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் 2017இலும் 150 வரைக்கும் 2018இலும்தான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் நியமத்தில் சேர்க்கப்பட்டன. திறந்து மூடும் சுற்றுகள் நேரடியாக வேலை செய்வதோ பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான்.

வன்னிக்கு இந்த விடயம் ஏன் தனியாகப் பேசப்பட வேண்டும் என்பதற்கு எங்கள் வரலாறே காரணம். போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலை இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். 2009க்குப் பின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோல்ற் பாதை அமைந்து, அதன் கிளைகள் ஊருக்குள் வந்தன. தெற்கிலும் மலையகத்திலும் முதலில் இழைக்குமிழ், பிறகு மின்விசிறி, பிறகு இரும்பு மின்மாற்றி கொண்ட வானொலிப் பெட்டி என்று பல பத்தாண்டுகளில் படிப்படியாக நடந்த மாற்றம் இங்கே அப்படி நடக்கவில்லை. பல வீடுகளில் முதலாவது மின்னிணைப்பு வந்த நாளிலேயே மின்சேமிப்புக் குமிழும் சார்ஜரும் தட்டைத் தொலைக்காட்சியும் வந்துவிட்டன. அதாவது, திறந்து மூடும் சுற்றுகள் எங்கள் வலையில் பிற்காலத்தில் சேர்ந்த விருந்தாளிகள் அல்ல, தொடக்கத்திலிருந்தே குடியிருப்பவை. அதோடு வீடுகள் ஐதாகவும் கம்பிகள் நீளமாகவும் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. இந்த நீளம் அளவீட்டையே மாற்றிவிடுகிறது.

முதலில் எளிய கேள்வி: வோல்ற்றளவு நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் அலைவுகாட்டியை மின்செருகியில் இணைத்து இதைப் பார்த்துவிட முடியாதா? முடியாது. 230 வோல்ற் என்பது உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 650 வோல்ற். சாதாரண அலைவுகாட்டி தன் திரையின் உயரத்தை 256 படிகளாகப் பிரிக்கிறது. எனவே ஒரு படி ஏறத்தாழ 2.5 வோல்ற். நாம் தேடும் உமிழ்வோ பெரும்பாலும் சில மில்லிவோல்ற்றிலிருந்து சில நூறு மில்லிவோல்ற் வரையானது. அது முதலாவது படியைக்கூட அசைக்காது. ஆகவே 50 ஹேர்ட்ஸை மட்டும் தடுத்து, மேலுள்ள மீடிறன்களை விடும் ஒரு வடி முன்னால் இருக்க வேண்டும். அலைவுகாட்டியின் நிலக் கவ்வியை உயிர்க்கம்பியில் மாட்டிக் கருவியையும் கையையும் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு என்பதால், இந்த வடி மின்வலையிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, மாதிரி எடுக்கும் வேகம். 150 கிலோஹேர்ட்ஸைக் காண, செக்கனுக்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் தேவை. ஒரு சுற்றுக்கு 256 மாதிரி எடுக்கும் மின்தர அளவி செக்கனுக்கு 12,800 மட்டுமே எடுப்பதால், 6.4 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அது குருடு.

ஆய்வுகூட அளவீட்டில் இந்தச் சிக்கல்களை ஒழுங்கான முறையில் தீர்த்திருக்கிறார்கள். சாதனத்துக்கும் மின்வலைக்கும் நடுவே செயற்கை மின்வலை என்ற ஒரு பெட்டி வைக்கப்படுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுப்பது அதன் ஒரு வேலை. உயிர்க்கம்பியிலும் நொதுமல் கம்பியிலும் உள்ள உமிழ்வைத் தனித்தனியே அளக்கும் கருவிக்குக் கொடுப்பது இன்னொன்று. சாதனம் எப்போதும் ஒரேயளவான தடங்கலையே, அதாவது ஆடலோட்டத்துக்கு வலை காட்டும் எதிர்ப்பையே, எதிரே காணும்படி செய்வதே எல்லாவற்றிலும் முக்கியமானது. 9 கிலோஹேர்ட்ஸில் அந்தத் தடங்கல் ஏறத்தாழ 5 ஓம், 150 கிலோஹேர்ட்ஸில் ஏறத்தாழ 33 ஓம். கருவி 9 தொடக்கம் 150 கிலோஹேர்ட்ஸ் வரை 200 ஹேர்ட்ஸ் அகலமான ஒரு சாளரத்தை மெல்ல நகர்த்திப் பார்க்கிறது. அதற்கு மேல் சாளரத்தின் அகலம் 9 கிலோஹேர்ட்ஸ். அளவு ஒரு மைக்ரோவோல்ற்றோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லப்படும். 60 டெசிபெல் என்றால் 1 மில்லிவோல்ற், 120 என்றால் 1 வோல்ற். இங்கே கையாளப்படும் குறை உச்ச உணரி, அடிக்கடி வரும் இரைச்சலுக்குக் கூடிய மதிப்பும் எப்போதாவது வருவதற்குக் குறைந்த மதிப்பும் கொடுக்கும். வானொலி கேட்பவரின் காதுக்கு எது எரிச்சல் தருமோ அதைக் கணக்கிட வந்த முறை அது. சூடேறும் கொள்ளளவியும் குழம்பும் மின்மானியும் அந்தக் காது கொண்டவை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆய்வுகூட எண் ஒரு சாதனத்தை இன்னொன்றோடு ஒப்பிட மிகப் பயன்படும். ஒட்டுசுட்டான் வீட்டில் என்ன நடக்கும் என்று அது சொல்லாது. என்னுடைய வாதத்தின் மையம் இதுதான்: உமிழ்வு என்பது சாதனத்தின் நிறை போல அதற்கே உரிய ஒரு குணம் அல்ல, அது சாதனமும் வலையும் சேர்ந்து உண்டாக்கும் ஒன்று.

ஒரு கணக்கைப் பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் போகும் இரு கம்பிகளின் தூண்டுதிறனை, அதாவது மீடிறன் ஏற ஏற மின்னோட்டத்தைக் கூடத் தடுக்கும் குணத்தை, மீற்றருக்கு ஒரு மைக்ரோஹென்றி என்று கொள்வது பெரிதும் பொருந்தும். 100 மீற்றர் நீளத்துக்கு 100 மைக்ரோஹென்றி. 50 ஹேர்ட்ஸில் இதன் எதிர்ப்பு 0.03 ஓம், அதாவது இல்லையென்றே சொல்லலாம். 20 கிலோஹேர்ட்ஸில் அதுவே 12.6 ஓம். இன்னொரு பக்கம், தொலைக்காட்சியின் வடியில் இருக்கும் 0.47 மைக்ரோபரட் கொள்ளளவி 50 ஹேர்ட்ஸில் 6,800 ஓம் அளவு எதிர்ப்பைக் காட்டி மின்னோட்டத்தைத் தடுக்கிறது. 20 கிலோஹேர்ட்ஸிலோ 17 ஓமுக்கு இறங்கி வாசலைத் திறந்துவிடுகிறது. அதேபோன்ற கொள்ளளவிகள் வீட்டில் மூன்று நான்கு இருந்தால் அது இன்னும் தாழும். ஆகவே விளக்கு வெளியேற்றும் உயர் மீடிறன் மின்னோட்டத்தின் பெரும்பங்கு 100 மீற்றர் தாண்டி மின்மாற்றியை நோக்கிப் போவதில்லை. பக்கத்து அறையில் இருக்கும் தொலைக்காட்சியின் வடிக்குள் போய்விடுகிறது. இரைச்சலைத் தடுக்க வைத்த பொருளே அயலாரின் இரைச்சலைக் குடித்துச் சூடாகிறது.

சுவீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மத் பொலன், சாரா ரொன்பெர்க் ஆகியோர் இந்தத் துறையில் செய்த ஆய்வுகள் இந்த நடத்தைக்குத் தெளிவான பெயர் கொடுத்தன. சாதனம் தானே உண்டாக்கி வெளியேற்றுவது முதன்மை உமிழ்வு, அயல் சாதனத்திலிருந்து வந்து அதன் வாயிலில் ஓடுவது இரண்டாம்நிலை உமிழ்வு. ஒரு சாதனத்தின் வயரில் கவ்வியை மாட்டி மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால், அது கொடுக்கிறதா வாங்குகிறதா என்று தெரியாது. தொலைக்காட்சியின் வயரில் 40 கிலோஹேர்ட்ஸ் கண்டவுடன் தொலைக்காட்சியைக் குற்றம் சொன்னால், தவறு செய்தவர் அளந்தவர்தான். விளக்குகளின் எண்ணிக்கை கூடும்போது வீட்டின் நுழைவாயிலில் அளக்கப்படும் உயர் மீடிறன் மின்னோட்டம் அதே விகிதத்தில் கூடாமல், விளக்குகளுக்கிடையே சுழல்வதையும் அவர்களது அளவீடுகள் காட்டின.

நீண்ட கம்பிக்கு இன்னொரு முகமும் உண்டு. மேலே சொன்ன 100 மைக்ரோஹென்றியும் 0.47 மைக்ரோபரட்டும் சேர்ந்தால் 23 கிலோஹேர்ட்ஸ் அளவில் பரிவு ஏற்படும். கோவில் மணியை அதன் சொந்தச் சுதியில் தட்டியது போல, அந்த மீடிறனில் வரும் சிறு தள்ளலும் பெரிதாக எழும். கூரைச் சூரிய இன்வேற்றர்கள் பலவற்றின் திறந்து மூடும் வேகம் 16 தொடக்கம் 20 கிலோஹேர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. கம்பி சற்று நீண்டாலோ, வீட்டில் ஒரு சார்ஜர் கூடினாலோ பரிவு இறங்கி அந்த இடத்துக்கே வந்துவிடும். 2016இல் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான தேசியத் திட்டம் தொடங்கிய பிறகு இன்வேற்றர்கள் வலையெங்கும் பெருகியிருப்பதால், இது கணக்குப் புத்தகத்தோடு நிற்கும் கவலை அல்ல. இதே வீட்டில் யாராவது 1000 வாற் மின்னழுத்தியைப் போட்டால் என்ன நடக்கும்? அது ஏறத்தாழ 53 ஓம் தடை. மணியின் மேல் கை வைத்தது போல அது பரிவை அமுக்கிவிடும். உடுப்பு அழுத்தும் நேரத்தில் அளந்தவருக்கும் அழுத்தி முடிந்த பின் அளந்தவருக்கும் வேறு வேறு விடை வரும். இருவரும் சரியாகவே அளந்திருப்பார்கள்.

வீட்டிலேயே அளப்பதற்கும் வழிகாட்டல் இருக்கிறது. மேலே சொன்ன சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் ஐ.ஈ.சி. 61000-4-30 நியமத்தின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, பின்னிணைப்பு ஒன்றில், கட்டாயமாக அன்றி, ஆலோசனையாக சில முறைகளைத் தருகிறது. 2 தொடக்கம் 9 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியை 200 ஹேர்ட்ஸ் அகலமான 35 பட்டைகளாகப் பார்ப்பது ஒன்று. அதற்கு மேலே, 200 மில்லிசெக்கனுக்குள் சம இடைவெளியில் 32 சிறு துண்டுகளை, ஒவ்வொன்றும் அரை மில்லிசெக்கன் நீளத்தில், எடுத்துப் பகுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது முறையைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பது என் எண்ணம். 32 துண்டும் சேர்ந்து 16 மில்லிசெக்கன்தான். மீதி 92 சதவீத நேரத்தில் நடப்பதை அது பார்ப்பதில்லை. தூண்டல் அடுப்பின் உமிழ்வு வலையின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் எழுந்து விழுகிறது. சில விளக்குகள் வோல்ற்றளவு பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் மட்டும் துள்ளுகின்றன. ஊரில் நின்று அளப்பவருக்கு வசதி இருந்தால், செக்கனுக்குப் பத்து இலட்சம் மாதிரியில் இடைவெளியின்றிப் பதிவு செய்துகொள்வது நல்லது. மாதிரிக்கு இரண்டு பைற் என்றால் நிமிடத்துக்கு 120 மெகாபைற்றே வரும். இன்றைய நினைவகங்களுக்கு அது பெரிய சுமை அல்ல, பகுப்பாய்வைப் பிறகு எந்த முறையிலும் செய்துகொள்ளலாம்.

மின்மானி பற்றிய பயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். "புது மீற்றர் கூட ஓடுது" என்ற பேச்சு எங்கள் ஊர்களில் அடிக்கடி எழுவது. நெதர்லாந்தின் துவென்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு இந்தப் பேச்சுக்குத் தீனி போட்டது. அவர்கள் சோதித்த ஒன்பது மின்னணு மின்மானிகளில் ஐந்து உண்மையைவிடக் கூடிய வாசிப்பைக் காட்டின. மிக மோசமான நிலையில் அது 582 சதவீதம் அதிகமாக இருந்தது. சில மானிகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தும் காட்டின. மின்னோட்டத்தை உணர மானியினுள் ரொகொவ்ஸ்கிச் சுருள் (மின்னோட்டம் மாறும் வேகத்தை உணர்வது) இருந்தால் கூட்டியும், ஹோல் உணரி (மின்னோட்டத்தின் காந்தப்புலத்தை உணர்வது) இருந்தால் குறைத்தும் காட்டும் போக்கு இருந்தது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு மின்சாரக் கட்டணப் பட்டியலோடு சண்டைக்குப் போவது நியாயமல்ல. அந்த வாசிப்புகள் மின்சேமிப்புக் குமிழ்களையும் எல்.ஈ.டி.களையும் ஒளிகுறைக்கும் ஆளி ஒன்றின் ஊடாக இணைத்து, மிகக் கூர்மையான மின்னோட்டத் துடிப்புகளை உண்டாக்கிய சோதனையில் கிடைத்தவை. சாதாரண வீட்டுப் பாவனையில் அப்படி நடக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சந்தேகம் உள்ளவர் செய்யக்கூடிய நேர்மையான காரியம், மானியின் பக்கத்தில் அலைவடிவத்தை அளந்து பார்ப்பதுதான். மானிகள் இந்த 2 தொடக்கம் 150 கிலோஹேர்ட்ஸ் இரைச்சலைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கும் முறைக்கு 2014இல் தனி நியமம் வந்துவிட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் இருவர் ஒரு வாகனத்தில் கருவிகளோடு புறப்பட்டால், விசுவமடு, மல்லாவி, முழங்காவில் என்று வேறுபட்ட கம்பி நீளங்களில் ஒரு மாதத்துக்குள் பயனுள்ள பதிவுகளைச் சேர்த்துவிடலாம். பதிவு பயன்பட வேண்டுமென்றால் வீட்டுக்கு வீடு ஒரே ஒழுங்கு வேண்டும். முதலில் பிரதான ஆளியை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் பின்புல இரைச்சலைப் பதிய வேண்டும். பின்னர் சாதனங்களை ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொரு முறையும் வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். வோல்ற்றளவு இல்லாமல் மின்னோட்டம் மட்டும் இருந்தால், எது கொடுக்கிறது, எது வாங்குகிறது என்ற கேள்விக்கு விடை இல்லை. மின்மாற்றி எத்தனை கம்பம் தள்ளி இருக்கிறது, இடையில் எத்தனை வீடு, யார் வீட்டில் இன்வேற்றர் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். தோட்டக் கிணற்றுத் தண்ணீர்ப் பம்பைப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். நேரே வலையில் ஓடும் சாதாரண மோட்டர் இந்த இரைச்சலை அநேகமாக உண்டாக்குவதில்லை, ஆனால் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வரும் புதிய வகை உண்டாக்கும். மாலை ஏழு மணிக்கு ஒரு பதிவு, ஊர் உறங்கிய பின் அதிகாலையில் இன்னொன்று.

மாரியில் அளந்த வீட்டைக் கோடையிலும் ஒருமுறை அளக்க வேண்டும். இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் உமிழ்வு நிலத்தினூடாகத்தான் திரும்புகிறது. முல்லைத்தீவுக் கரையோர மணலில், ஆடி ஆவணி வெயிலில் ஈரம் வற்றிவிட்டால் புவித்தொடுப்புக் கோலின் தடை பல மடங்கு உயரக்கூடும். அந்தத் தடையையும் அதே நாளில் அளந்து, உமிழ்வுக் கணக்கின் பக்கத்திலேயே குறித்துவைத்தால்தான் இரண்டு பருவத்து எண்களையும் ஒப்பிட முடியும்.